பாகில்லாத் தீனி

வலது தோள்பட்டை எரிந்தது. வலி என்றால் வந்துவிட்டுப் போக வேண்டும். இது ஆறு மாதமாக அங்கேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. காலையில் சட்டைக்குள் வலது கையை நுழைக்க இடது கை வந்து தூக்கிவிட வேண்டும். அதைத் தவிர உதவிக்கு வர அந்த அறையில் வேறு கை கிடையாது.

குதிரைத் தீனி ஆலையில் அவருக்குப் பெயர் பாகுக்காரர். கரும்பாலைக்காரன் சர்க்கரையை எல்லாம் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, இதில் இனி ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிற கறுப்புப் பாகு லாரியில் வந்து தொட்டியில் இறங்கும். குளிர் நாளில் அது தாரைவிடக் கெட்டி. சூடேற்றி, இளக்கி, சுற்றிக்கொண்டிருக்கும் ட்ரம்முக்குள் ஓட்ஸ், தவிடு, உடைத்த மக்காச்சோளம் எல்லாவற்றின் மேலும் அளவாக விட வேண்டும். அதுதான் அவர் வேலை. பாகு விழுந்தால் தூசி அடங்கும், தீனி மினுமினுக்கும், குதிரை வாளிக்குள் தலையை விட்டால் எடுக்காது. பூஞ்சை பிடிப்பதற்கு ஒரு நாள் முந்திய ஓட்ஸைக்கூடப் பாகு தின்ன வைத்துவிடும். ஆலை முதலாளிக்கு அது தெரியும். பாகுக்காரருக்கும் தெரியும். குதிரைக்கு மட்டும்தான் தெரியாது.

ஒவ்வொரு கலவை இறங்கியதும் நீளப் பிடி வைத்த சுரண்டியை விட்டு, சுற்றுகிற ட்ரம்மின் உட்சுவரைச் சுரண்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை, இருபத்திரண்டு வருஷம். தோள்பட்டை என்ன செய்யும், அதுவும் எலும்புதானே.

பாகு ஆளை விடாது. மாலையில் கழற்றிப் போட்ட சட்டை காய்ந்தால் தானாக நிற்கும். கட்டிலின் நாலு காலுக்கும் நாலு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத்தான் படுப்பார். இல்லாவிட்டால் எறும்புகள் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம் வரைக்கும் காலியாகவே வரும். நாற்றம் ஒன்றும் இல்லை, இனிப்பு மணம்தான். ஆனாலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று ஜனங்களுக்கு ஒரு பயம்.

மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்."

"உடம்பு?"

"நல்லாருக்கு. பேரன் என்ன பண்றான்?"

"தூங்கறான்ப்பா. சரி, வெச்சிரவா?"

பேரன் எந்த நேரத்தில்தான் விழித்திருப்பான் என்று அவருக்கு இதுவரை தெரியவில்லை.

ஆலையிலும் பேச்சு கிடையாது. ட்ரம் சுற்றும் சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைஜாடை. இரண்டு விரல் காட்டினால் இரண்டு மூட்டை தவிடு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் பாகை நிறுத்து, வயிற்றைத் தடவினால் சாப்பாட்டு நேரம். இப்படியே வாரம் முழுக்கப் பேசாமல் இருந்து, ஞாயிறன்று "சாப்டேன்" என்று சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாக இருக்கும்.

வியாழக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்குத்தான் பாகில்லாத் தீனி போடுவார்கள். குளம்பு நோய் வந்த குதிரை, வயசான குதிரை, சர்க்கரை ஆகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த குதிரை, இவற்றுக்கான தீனி. முதலில் ட்ரம்மைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு வெறும் தவிட்டை உள்ளே ஓட்டி, ஒட்டியிருக்கும் இனிப்பையெல்லாம் வழித்து வெளியே தள்ள வேண்டும். அப்புறம்தான் கலவை. இறங்கும் குழாயில் பாகு பிசுபிசுக்கும் என்பதால் கலவையைக் குழாய் வழியாக விடாமல் மண்வெட்டியால் அள்ளித்தான் மூட்டையில் போடுவார்கள். அந்த அரை மணி நேரம் ட்ரம் நிற்கும். வாரத்தில் ஆலைக்குள் மனுஷக் குரல் கேட்பது அந்த அரை மணி நேரம்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய இரும்புக்காரி வருவாள்.

தெருத் தெருவாக வண்டி ஓட்டிப் பழைய இரும்பும் காகிதமும் எடுப்பவள். வண்டியை இழுப்பது பத்தொன்பது வயசுப் பெட்டைக் குதிரை. அதற்குப் பெயர் பெரியவள். பள்ளிக்கூடம் போகும் மகள் சின்னவள். குதிரைக்கு அப்புறம் பிறந்தவள் என்பதால். புருஷன் எங்கே என்று யாரும் கேட்டால், "பழைய இரும்போட போட்டுட்டேன், எடைக்குக்கூடத் தேறல" என்பாள்.

வாங்க ஆரம்பித்த நாலாவது வியாழக்கிழமை வந்ததும் வராததுமாக அவள் சண்டைக்கு நின்றாள்.

"அண்ணே, உங்க தீனியில என்ன மரத்தூளா கலக்கறீங்க? பெரியவ மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி."

"பாகு இல்லாததும்மா. அப்படித்தான் இருக்கும். பழகிரும்."

"மூணு வாரமாச்சு, எங்க பழகுச்சு? விலாவெல்லாம் எண்ணிரலாம். வெறும் வயத்தோட எப்படி வண்டி இழுப்பா?"

"மருத்துவர் பாகு வேணாம்னுதானே சொன்னார்?"

"ஆமா. போன வருஷம் குளம்புக்குள்ள சூடு கண்டு ரெண்டு மாசம் படுத்துட்டா. எல்லாம் சக்கரையால வந்ததுன்னார். அதனாலதான் இந்தக் கருமாந்திரத்த வாங்கறேன்." அவள் எடைபோடும் மேடையில் உட்கார்ந்தாள். "இந்த வாரமும் திங்கலேன்னா நான் இங்க வரதா இல்லண்ணே. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையாம். காஞ்ச புல்ல நறுக்கி விக்கிறாங்களாம். அங்கயே வாங்கிக்கறேன்."

சும்மாதான் சொன்னாள். ஆனால் அவர் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. இவள் வராவிட்டால் வியாழக்கிழமையும் புதன்கிழமை மாதிரி ஆகிவிடும். ட்ரம் நிற்கும், ஆனால் பேச ஆள் இருக்காது.

"இருங்க. புதுசா இறக்கினதுலேருந்து தரேன்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்பக்கம் போனார்.

அங்கே ஓர் இரும்பு அண்டா கிடந்தது, மிச்சம் மீதி கலக்குவதற்கு. மூட்டையை அதில் கவிழ்த்தார். ஒரு லிட்டர் குவளையில் சூடான பாகைப் பிடித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி, தெளித்து, கையாலேயே புரட்டினார். மேலே காய்ந்த தவிட்டைத் தூவியதும் நிறமும் தெரியவில்லை, பிசுபிசுப்பும் தெரியவில்லை. மணம் என்று பார்த்தால், அந்த ஆலையில் சுவரும் கதவும் ஆட்களும் பாகு மணம்தான். தனியாக எதை மோந்து கண்டுபிடிப்பாள்?

தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. சவாரிப் பள்ளிக்காரர்களுக்கு அதே மருத்துவர் விளக்கியபோது அவர் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். சர்க்கரை குடலில் புளிக்கும், சூடு குளம்புக்கு இறங்கும், குளம்புக்குள் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் சதை விட்டுப்போகும், குதிரை நெருப்பின் மேல் நிற்பதுபோல நிற்கும். எல்லாம் தெரியும். முப்பது கிலோவில் ஒரு குவளை, அது என்ன பண்ணிவிடும், தின்னாமல் சாவதைவிடத் தின்றுவிட்டு இருக்கட்டும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மூட்டையின் வாயைப் பச்சை நூலால் தைக்கச் சொன்னார். பச்சை நூல் என்றால் பாகில்லாதது.

அடுத்த வியாழன் அவள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணே! வாளிய நக்கிட்டா! வாளியத் தூக்கிக் கீழ போட்டு, அடியில ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னு வேற பாக்கறா! என்ன மாயம் பண்ணீங்க?"

"நல்ல சரக்கு வந்துச்சு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியைத் துடைத்தார்.

அப்புறம் மூன்று மாதம் எந்த வியாழனும் தவறவில்லை. அவள் மேடையில் உட்கார்ந்து பேசுவாள். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரி எடையில் ஏமாற்றுவாள், சின்னவள் கணக்கில் எப்படிக் கோட்டை விட்டாள், பெரியவள் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தானாக நிற்பது, எல்லாம். அவரும் பேசினார். மனைவியைப் பற்றி, மகனைப் பற்றி, தோள்பட்டையைப் பற்றிக்கூட. ஒரு தடவை அவள், கைப்பிடி ஒடிந்த நாற்காலி ஒன்றை வண்டியிலிருந்து இறக்கி, "எடைக்குப் போட மனசில்ல. உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டே சாகப் போறீங்களா?" என்றாள். அண்ணே என்று கூப்பிட ஒரு ஆள். அதுவும் சத்தமாக.

மூட்டை தைக்கிறவன் சும்மா இருப்பானா?

"மாமா, வியாழக்கிழமைன்னா மட்டும் தலை படிய வாரியிருக்கே? என்ன சங்கதி?"

"போடா. மூட்டையத் தை."

"வாயையும் சேத்துத் தெச்சிரவா?"

"உன் வாய்க்குச் சாக்கு நூல் பத்தாதுடா."

குதிரைக்கு நாக்கு பழகப் பழக ஒரு குவளை போதவில்லை. ஒரு வாரம், "கொஞ்சம் மிச்சம் வெக்கறாண்ணே" என்றாள் அவள். அது ஒன்றரைக் குவளை ஆயிற்று. பிறகு இரண்டு. கடைசியில் இரண்டரை. அந்த மூட்டைக்கும் பந்தயக் குதிரைக்குப் போகும் இனிப்புத் தீனிக்கும் தைத்த நூலின் நிறம்தான் வித்தியாசம்.

பதினான்காவது வாரம் அவள் கத்தாமல் வந்தாள். வண்டி வரவில்லை, பக்கத்துக் கடைக்காரனின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"பெரியவ நடக்க மாட்டேங்கறாண்ணே. முன்னங்கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டுப் பின்னால சாஞ்சு நிக்கறா. குளம்பத் தொட்டா அடுப்புக்கல்லு மாதிரி கொதிக்குது."

"மருத்துவர் என்ன சொன்னார்?"

"எங்கேயோ சக்கரை போகுதுன்னார். பாகில்லாத் தீனிதான் குடுக்கறேன் சார்னு பச்சை நூல் மூட்டையக் காமிச்சேன். அப்ப புல்லுதான்னார். புல்லுலயும் சக்கரை இருக்காமே? எனக்கு இப்பத்தாண்ணே தெரியும். மேய விடறத நிறுத்திட்டேன். இனி முழுக்க முழுக்க உங்க தீனிதான். அதுதாண்ணே பயமில்லாம குடுக்க முடியுது." அவள் இரண்டு விரலைக் காட்டினாள், ஆலை ஆட்களைப்போல. "இனிமே ரெண்டு மூட்டை."

அவர் இரண்டு மூட்டைகளையும் ஒரு துளி பாகு படாமல் கட்டிக் கொடுத்தார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது கேட்டார்:

"வீட்ல பழைய மூட்டை மிச்சம் இருக்கா?"

"அரை மூட்டை இருக்கு."

"அத எடுத்துட்டு வந்துருங்க. மாத்தித் தரேன்."

"ஏண்ணே? நல்லாத்தானே இருக்கு?"

"பழசு. பூச்சி விழுந்திரும்."

"ஒரே வாரத்துலயா? விடுங்கண்ணே, வீணாக்க வேணாம். மூணு நாள்ல தின்னு தீத்துருவா."

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளன் ஸ்விட்சைத் தட்டினான். ட்ரம் சுற்றத் தொடங்கியது. அவள் கையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ட்ரம் சத்தத்தின் மேல் பழியைப் போடலாம். ஆனால் ட்ரம் நின்றிருந்தாலும் அவர் சொல்லியிருக்கப் போவதில்லை. அது அவருக்கே தெரியும்.

திங்கட்கிழமை அவள் மருத்துவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேற்பார்வையாளன் சத்தம் போட்டான். மருத்துவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு பை, ஆலையில் அடுக்கியிருந்த மூட்டையிலிருந்து ஒரு பை என்று எடுத்துக்கொண்டார். கலவைக் காகிதங்களைப் புரட்டினார். பிறகு பாகுக்காரரிடம் வந்தார். ட்ரம்மை நிறுத்தியிருந்தார்கள்.

"நீங்கதான் கலக்கறதா?"

"ஆமாங்க."

"பாகில்லாதது போடறதுக்கு முன்னாடி ட்ரம் கழுவறீங்களா?"

"கழுவறேங்க."

"தவிடு ஓட்டறீங்களா?"

"ஓட்டறேங்க. ஒரு தடவை பத்தாதுன்னு ரெண்டு தடவை."

"பாகு வால்வு கசியுதா?"

"இல்லீங்க. நீங்களே பாருங்க."

கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மைதான் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வி எவருக்கும் தோன்றவில்லை. தொட்டிக்குப் பின்னால் கிடந்த இரும்பு அண்டாவை மருத்துவர் தாண்டித்தான் போனார். சட்டையில் படாமல் விலகி.

அவள் அன்று வாசலிலேயே நின்றாள். பாகுக்காரர் பக்கம் பார்க்கவும் இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. அரை மணி நேரம் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பரிசோதனை முடிவு வந்தது என்று மேற்பார்வையாளன்தான் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு சொன்னான்: சுத்தம், இவ்வளவு சுத்தமான தீனியை அந்த ஆய்வுக்கூடமே பார்த்ததில்லையாம். பாகுக்காரரின் முதுகில் தட்டினான். தட்டியது வலது தோள்பட்டையில்.

அதற்கடுத்த வியாழன் அவள் வந்தாள். கையில் காலிச் சாக்குகள், மடித்து, கயிறு போட்டுக் கட்டி. காலிச் சாக்கை ஆலை திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மேடையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"செவ்வாக்கிழமை ஊசி போட்டாச்சுண்ணே."

அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"குளம்புக்கு அடியில எலும்பு வெளிய வந்துருச்சு. அதுக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னார். சின்னவ ஸ்கூல்லருந்து வரதுக்குள்ள முடிச்சிட்டோம்." சாக்குக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பழைய மூட்டைய மாத்தித் தரேன்னீங்களா, அதுல உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். ஆள் கூட்டிட்டு வந்து நாலு பேர் முன்னால நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

"இல்ல, தப்புதான். ரெண்டு வாரமா நீங்க குடுத்த புது மூட்டைய வாயிலயே வெக்கல. காஞ்ச வைக்கோல்தான் ரெண்டு வாய் மென்னா. கால் வலியில பசி போயிருச்சு போல. கடைசி அன்னிக்குச் சாக்க மடிக்கறப்ப பழைய மூட்டையோட அடியில ஒரு கை தீனி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அத வழிச்சுக் கையில வெச்சு நீட்டினேன். அத மட்டும் தின்னா. கைய நக்கினா. ஊசி போடற வரைக்கும் நக்கிக்கிட்டே இருந்தா. அந்தச் சரக்கு நல்ல சரக்குண்ணே."

மூட்டை தைக்கிறவன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இனி வண்டிக்கு?" என்றுதான் அவரால் கேட்க முடிந்தது.

"மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு பேசியிருக்கேன். அதுக்குத் தீனி வேணாம்." சிரிக்கப் பார்த்தாள். "அப்ப இந்தப் பக்கம் எனக்கு வேலை இல்ல."

"டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம்ணே. ரெண்டு தெரு பாக்கி இருக்கு." சாக்குக் கட்டை மேடைமேல் வைத்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் புரியலண்ணே. பாகு குடுக்கல. புல்லு குடுக்கல. சின்னவ சக்கரைக் கட்டி நீட்டினாக்கூடக் கையத் தட்டி விட்டேன். ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது. நான் எதுலண்ணே தப்பு பண்ணேன்?"

"உங்க மேல தப்பில்லம்மா."

"அப்ப யார் மேல?"

அவர் ட்ரம்மைப் பார்த்தார். ட்ரம் நின்றிருந்தது. மேற்பார்வையாளன் ஸ்விட்சுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அரை மணி நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. ஆலை முழுக்க ஓர் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

அவள் பெரியவளைத் தடவுவதுபோல மேடையின் விளிம்பை ஒரு தடவை தடவிவிட்டு நடந்தாள். வாசல் நாற்பது அடி. நிதானமாகத்தான் போனாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன் எல்லாம் வந்து போயின. ட்ரம்மைக் கழுவுகிறார். தவிடு ஓட்டுகிறார், இரண்டு தடவை. அள்ளுகிறார். அவள் எந்தத் தெருவில் எந்தக் கிழமை வருவாள் என்று அவருக்கு மனப்பாடம். மூன்று மாதம் அவளே சொன்னதுதான். நடந்து போனால் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். போகவில்லை.

யார் மேல் என்று அவள் கேட்டாள். என் மேல், நான்தான் பாகு ஊற்றினேன் என்ற பதிலை அவர் அவளுக்குத் தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.